நாலு பக்கப் பெட்டிஷன்

இங்குட்டுத் தள்ளி உக்காருங்கக்கா. அங்க இன்னும் பத்து நிமிசத்துல வெயில் வந்துரும். நான் எட்டு மணிக்கே வந்து பாத்து வெச்சிருக்கேன். இந்தக் கலெக்டராபீஸ்ல பன்னெண்டு மணி வரைக்கும் நெழல் நிக்கிறது இந்த ஒரு தூணுக்குத்தான். டோக்கன் எத்தன? நூத்தி முப்பத்தொண்ணா? அய்யோ. எனக்கு அறுபத்திநாலு. இப்பத்தான் நாப்பத்திரெண்டு உள்ள போயிருக்கு.

வேர்க்குதா? இருங்க, பையில ஒரு கவர் கெடக்கு. இந்தாங்க, இத வெச்சு விசிறிக்கங்க. நல்ல கட்டியான கவர், நல்லாக் காத்து வரும். பிரிக்கவே இல்லக்கா, ஏதோ பேங்க்காரன் விளம்பரம். நம்ம பேர அச்சடிச்சு அனுப்பிருவான், லோன் வாங்கு, கார்டு வாங்குன்னு. எத்தனையோ மாசமா இந்தப் பைக்குள்ளயே கெடக்கு. விசிறிக்கத்தான் ஆகுது.

உங்களுக்கு என்ன பெட்டிஷன்? தெரு லைட்டா? ஒரே பக்கந்தானா? காட்டுங்க. "ஐயா அவர்கள் தயவுகூர்ந்து"... எதுக்குக்கா தயவு? லைட்டு நம்ம லைட்டு. இப்பிடிக் கெஞ்சி எழுதுனா ஓரமாத்தான் வைப்பாங்க. எம்பெட்டிஷனப் பாருங்க. நாலு பக்கம். ஆதாரம் தனியா ஸ்டேப்ளர்ல பின்னடிச்சிருக்கேன். ஒரு எடத்துல கூட "தயவு" கெடையாது.

என்ன விசயம்னா, எம்பணத்த ஒரு ஆளு தின்னுட்டாரு. அஞ்சு மாச ஸ்டைபண்டு.

நான் படிக்கிறது ஏசி மெக்கானிக்கு. ஆமாக்கா, பொம்பளப் புள்ளதான். ஏன், ஏசி ஆம்பளைக்கு மட்டுந்தான் குளிருதா? நீங்க ஒண்ணும் சொல்லலையா? சரி, மூஞ்சி சொன்ன மாதிரி இருந்துச்சு.

கவர்மெண்டு ட்ரெய்னிங், ஆறு மாசம். பைபாஸ்ல டிராக்டர் ஷோரூமுக்கு மேல் மாடி. ஃபீஸ் கெடையாது. அதுக்கு மேல, நம்ம வந்து போற செலவுக்கும் சாப்பாட்டுக்கும்னு மாசாமாசம் அவங்களே பணம் போடுவாங்க. வெரல் வெச்ச நாளுக்கு மட்டும். இன்னைக்குத் தவிர நான் ஒருநா கூட வெரல் வெக்காம இருந்ததில்ல. காய்ச்சல்ல கூடப் போயி வெச்சிருக்கேன்.

அதுக்கு முன்னாடி ஜவுளிக்கடைல நின்னேன். நின்னேன்னா நெசமாவே நின்னேன், காலைல ஒம்போதுலருந்து ராத்திரி ஒம்போது வரைக்கும். உக்கார சேர் போடணும்னு சட்டம் இருக்குன்னு மேனேஜர் பூவலிங்கத்துக்கிட்டச் சொன்னேன். சட்டத்த போன்ல எடுத்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிச்சும் காட்டுனேன். சேர் போட்டாங்கக்கா! ஆறு சேரு! நான் உக்காரத்தான் குடுத்து வெக்கல. மறுவாரமே ஆள் ஜாஸ்தியா இருக்குன்னு என்னைய நிப்பாட்டிட்டாரு. இப்ப அங்க எல்லாப் புள்ளைகளும் உக்காந்திருக்கு.

அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குது. அதுக்கிட்டப் போயி, "படிக்கக் கவர்மெண்டே காசு குடுக்குதும்மா, உனக்கு ஒரு செலவும் இல்ல"ன்னு கையிலடிச்சுச் சத்தியம் பண்ணி இதுல சேந்தேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஊர்லருந்து ரெண்டு பஸ்ஸு மாறணும். ஓசி பஸ்ஸு காலைல ஒண்ணு வரும், அதுவும் நம்ம போறதுக்குள்ள போயிரும். மிச்சமெல்லாம் பிரைவேட்டு. அஞ்சு மாசமா அம்மாதான் சில்லறை எடுத்துக் குடுக்குது. குடுக்கும்போது ஒண்ணும் சொல்லாது. அதுதான்க்கா தாங்க முடியல, வஞ்சாக்கூடத் திருப்பிப் பேசலாம்.

போன வாரம் சொல்லிருச்சு. "அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள பணம் வரலைன்னா விட்ருடி சங்கரேஸ்வரி, பூவலிங்கத்துக்கிட்ட நான் பேசுறேன், மறுபடி சேத்துக்குவாரு." பரிச்சைக்கு இன்னும் ஒரே மாசம். பாஸ் பண்ணுனா சர்டிபிகேட்டு. அந்தச் சர்டிபிகேட்ட விட்டுட்டு மறுபடி அந்த ஆளுக்கு முன்னாடி போயி நிக்கணுமாம். அதுவும் நான் வாங்கிக் குடுத்த சேருக்குப் பக்கத்துல!

அதான் இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்.

யாரு தின்னாங்கறீங்களா? தனுஷ்கோடி சாரு. ட்ரெய்னிங் சென்டர்ல ஆபீஸ் கிளார்க்கு. பாத்தா தெரியாதுக்கா. ஒல்லியா, மெல்லிசாப் பேசிக்கிட்டு. சத்தமே வெளிய வராது. நாலு வார்த்த பேசுனா அஞ்சாவது வார்த்தைய முழுங்கிருவாரு. பணத்தையும் அப்பிடித்தான் முழுங்கியிருக்காரு.

மொத மாசம் கிளாஸ்ல எல்லாப் பயலுக்கும் டிங்கு டிங்குன்னு போன்ல மெசேஜ் வருது, பணம் ஏறிருச்சுன்னு. இருபத்தோரு பேருக்கு வந்துருச்சு. எனக்கு மட்டும் வரல. நேரா ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.

"பேங்க்ல போயிப் பாரும்மா"ன்னாரு.

"பாத்துட்டுத்தான் சார் வர்றேன். முன்னூத்திப் பன்னெண்டு ரூவா இருக்கு. அது நான் பள்ளிக்கூடத்துல ஸ்காலர்ஷிப்பு வாங்குனதுல மிச்சம்."

"அந்த பேங்க் இல்லம்மா..."

"எனக்கு எத்தன பேங்க் சார் இருக்கு? நான் என்ன நகைக்கடை ஓனரா?"

ஏதோ ஆதார்னு இழுத்தாரு. பாஸ்புக்கப் பாத்து பணம் வராது, ஆதார் எந்தக் கணக்குல கடைசியாச் சேந்திருக்கோ அதுலதான் ஏறும்னு. நான் விடுவனா? "அப்பறம் எதுக்கு சார் சேரும்போது பாஸ்புக் ஜெராக்ஸு மூணு காப்பி வாங்குனீங்க? வட மடிக்கவா?"ன்னேன். எங்கூடப் படிக்கிற அயூப்பு வாசல்ல நின்னு சிரிச்சுட்டான். சாரும் சிரிச்சாருக்கா. யோசிச்சுப் பாருங்க, ஒரு புள்ள பணம் வரலைன்னு வந்து நிக்குது, சிரிக்கிறாரு. அன்னைக்கே எனக்குப் பொறி தட்டிருச்சு.

எங்களுக்குக் கிளாஸ்ல ஒண்ணு சொல்லிக் குடுப்பாங்க. ஏசிக்குள்ள கேஸ் கசியுதுன்னா கண்ணுக்குத் தெரியாது. சோப்புத் தண்ணிய நுரையாக் கலக்கி, ஒவ்வொரு ஜாயின்ட்டா தடவணும். எங்க முட்ட விடுதோ அங்க ஓட்ட. அதக் கண்டுபுடிக்காம கேஸ் அடிச்சா அடிச்சதெல்லாம் வீணு. எங்க சேவியர் மாஸ்டர் என்னையப் பாத்தே சொல்லுவாரு, "நீ முறுக்குன ஜாயின்ட்ட மொதல்ல பாரு சங்கரேஸ்வரி"ன்னு. எனக்குன்னே சொல்றது. நான் முறுக்குனா சரியாத்தான் இருக்கும், அது வேற விசயம்.

அதே மாதிரிதான் அந்த ஆபீஸ்ல ஒவ்வொரு ஜாயின்ட்டா பாத்தேன். வெரல் மிஷின் சரி. வருகப் பதிவு சரி. மேலிடத்துக்கு லிஸ்ட் போயிருக்கு, அதுல எம்பேரும் இருக்கு. பணமும் அங்கருந்து கெளம்பிருச்சு. அப்ப மிச்சம் யாரு? தனுஷ்கோடி சாருதான். அங்கதான் முட்ட விடுது.

அந்தாளு பண்றதெல்லாம் கேளுங்க. ரெண்டாவது மாசம், "சாப்ட்டியாம்மா"ங்கறாரு. எதுக்குக் கேக்கணும்? இருபத்திரெண்டு பேரு படிக்கிறோம், என்னைய மட்டும் ஏன் கேக்கணும்? இன்னொரு நா பஸ்ஸுக்குச் சில்லறை இல்லன்னு அயூப்புக்கிட்டக் கேட்டுக்கிட்டிருந்தேன், பின்னாடியே வந்து இருபது ரூவா நோட்ட நீட்டுறாரு. எம்பணத்துலருந்து எனக்கே இருபது ரூவா! வாங்கிக்கிட்டேன். வாங்காம? ஆனா பெட்டிஷன்ல எழுதியிருக்கேன், ரெண்டாவது பக்கம், கடைசிப் பத்தி.

அப்பறம் ஸ்கூட்டர். மூணாவது மாசம் ஸ்கூட்டர்ல வர்றாரு. அதுவரைக்கும் நடந்து வந்த ஆளு! அயூப்புக்கிட்டச் சொன்னேன், "பாத்தியாடா எங்கருந்து காசு"ன்னு. "லூசு, ஒன் ஸ்டைபண்டுல அந்த வண்டிக்குக் கண்ணாடி வேணா வாங்கலாம். அது அவரு மச்சினன் வண்டி, பழசு"ங்கறான். அவனும் ஆம்பள, அவரும் ஆம்பள. விட்டுக் குடுப்பானா?

நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? எங்க கிளாஸ்ல ஏழு ஏசி இருக்கு, எல்லாம் வயித்தப் பொளந்து கெடக்கும், ஒண்ணும் ஓடாது. அதுல ஒண்ண நான் ஓட வெச்சேன். நெசமாக்கா, எங்கையால. மாஸ்டரே கை குடுத்தாரு. இப்ப கிளாஸ் குளுகுளுன்னு இருக்கு. கதவத் தொறந்து வெச்சா அந்தக் காத்து ஆபீஸ் ரூம் வரைக்கும் போகும். தனுஷ்கோடி சாரு தலையப் பாத்தாப் போதும், எந்திரிச்சுப் போயி கதவச் சாத்திருவேன். வேகட்டும். அவரு கர்ச்சீப்பால கழுத்தத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு.

இந்தப் பையா? எதுக்குக்கா கேக்குறீங்க? பை நல்லாருக்குல்ல? கிளிப் படம். ஓசிதான், ஆனா சும்மா வரல, சண்ட போட்டு வாங்குனது. ஜவுளிக்கடைல இருந்தப்ப, ஆடித் தள்ளுபடி நேரம், வாசல்ல ஒரு பேங்க்காரங்க கொட போட்டு உக்காந்திருந்தாங்க. ஆதார் கார்டக் காட்டி மிஷின்ல வெரல் வெச்சா மொத அம்பது பேருக்குப் பை. எங்க கடைப் புள்ளைக எல்லாம் வாங்கிருச்சு. நான் போறேன், "நீங்க அம்பத்தொண்ணும்மா, பை தீந்துருச்சு"ங்கறான். "அப்ப போர்ட எடுத்து உள்ள வைங்க! வெரல மட்டும் வாங்கிக்கிட்டு பை இல்லைன்னா எப்பிடி?"ன்னு பிடிச்சேன் பாருங்க. மேசைக்கு அடியில அவன் சாப்பாட்டுக் கூடைய வெச்சிருந்த பைய, கூடைய வெளிய எடுத்துட்டுக் குடுத்தான். ரெண்டு நா சாம்பார் வாசம் அடிச்சுச்சு.

போன் நம்பரா? கேட்டாங்க. நான் குடுப்பனா? குடுத்தா தெனம் விளம்பரமா வந்து உயிர எடுப்பானுங்க. பூவலிங்கம் நம்பரக் குடுத்தேன்! அனுபவிக்கட்டும்னு.

அந்தாளப் பத்திப் பேசவும் ஞாபகம் வருது. போன மாசம் அம்மாவக் கடைத்தெருவுல பாத்து நக்கலடிச்சிருக்காருக்கா. "ஒங்க மகளுக்கென்ன, மாசம் பொறந்தா கவர்மெண்டு பணம் வந்து விழுது, எம்போனுக்குல்ல மெசேஜ் வருது"ன்னு. அம்மா வந்து எங்கிட்டச் சொல்லுது. எப்பிடி இருக்கும் எனக்கு? நம்ம பணம் வராத கத ஊருக்கே தெரிஞ்சு போயி, கடைக்காரன் வரைக்கும் கிண்டல். அதையும் எழுதிருக்கேன், மூணாவது பக்கம். மன உளைச்சல்னு.

என்னக்கா விசிறுறத நிப்பாட்டிட்டீங்க? கை வலிக்குதா?

டோக்கன் எண்ணு என்ன ஆச்சு? அம்பத்தெட்டா? வந்துரும்.

இருங்க, ஆதாரத்தக் காட்டுறேன். இதுதான் சாரு பண்ணுன பெரிய தப்பு. போன வாரம் கம்ப்யூட்டர்லருந்து ஒரு தாள எடுத்து, செவப்புப் பேனாவுல கோடு போட்டு, அவரே எங்கையில குடுத்தாரு. "இது உன் கணக்கான்னு பாரும்மா, வீட்டுல போயி நெதானமாப் பாரு"ன்னாரு. பாத்தேன். எம்பேரு, மாசாமாசம் தேதி, அஞ்சு மாசமும் பணம் ஏறியிருக்கு. ஆனா கணக்கு நம்பருல கடைசி நாலு எண்ணு, "நாலு நாலு ஏழு ஒண்ணு". எங்கணக்கு முடியிறது தொள்ளாயிரத்து இருவத்தாறு! வேற யாரு கணக்குலயோ எம்பேரப் போட்டு ஏத்தியிருக்காரு. செஞ்சதும் இல்லாம கோடு போட்டு வேற குடுக்குறாரு! எவ்வளவு தைரியம்! அதத்தான் பின்னடிச்சிருக்கேன்.

அவரும் கான்ட்ராக்ட்டு ஆளுதான். இந்தப் பெட்டிஷன் உள்ள போச்சுன்னா நாளைக்கே சீட்டுக் கிழியும். என்கொயரியெல்லாம் அப்பறந்தான்.

புள்ளைகளா? ரெண்டு பொண்ணுன்னு அயூப்பு சொன்னான். சின்னது பால்வாடி போகுதாம். எதுக்குக்கா இப்ப அதெல்லாம்? நீங்க எம்பக்கமா, அவரு பக்கமா?

என்னது? தாளக் குடுக்கவா? பாருங்க, பாருங்க. நல்லாப் பாருங்க. பேங்க் பேரா? ஆமா, மேல போட்டிருக்கும். நான் எதுக்கு பேங்க் பேரப் பாக்குறேன், அதான் நம்பரே தப்பா இருக்கே.

கவர்லயும் அதே பேரா?

எந்தக் கவரு?

அட, அது விளம்பரங்க்கா. கிளியா? கவர்லயும் கிளி போட்டிருக்கா? பையிலயும்... ஆமா, ரெண்டும் ஒரே கிளிதான். அதுக்கு என்ன இப்ப? உங்களுக்கு கேஸ் மானியம் அப்பிடித்தான் போச்சா? எங்க போச்சு? எப்பவோ ஆரம்பிச்ச கணக்குலயா?

இல்லக்கா. நான் கணக்கெல்லாம் ஆரம்பிக்கல. வெரல் மட்டுந்தான் வெச்சேன். பைக்கு.

உள்ள கட்டியா என்னமோ இருக்கா? குடுங்க. நானே பிரிக்கிறேன். குடுங்கக்கா.

கார்டு.

எம்பேரு போட்டிருக்கு. சங்கரேஸ்வரி, ம.

லெட்டர நீங்க படிங்க. எனக்கு கண்ணு எரியுது, தூசி. கடைசி நாலு மட்டும் சொல்லுங்க.

நாலு... நாலு...

போதும். போதும்க்கா, தெரிஞ்சுபோச்சு.

சிரிக்காதீங்க. சிரிக்கலன்னாலும் ஒங்க சேலத் தலைப்பு சிரிக்குது, வாய மூடியிருக்கீங்க. எல்லா ஜாயின்ட்டும் பாத்தேன். ஒண்ண விட்டுட்டேன். அதுவும் நான் முறுக்குனது. மாஸ்டர்கிட்ட மட்டும் யாரும் சொல்லிரக் கூடாது.

அப்ப பூவலிங்கம் சொன்னது நக்கல் இல்லையா? மெசேஜ் நெசமாவே அவருக்குத்தான் போயிருக்கு! அஞ்சு மாசமா எங்கணக்குப் பூராவும் அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. சொல்லலாம்ல? சொன்னாரா? ஆமா, சொன்னாரு. அம்மாக்கிட்டச் சொன்னாரு.

ஆனா ஒண்ணுக்கா. தனுஷ்கோடி சாரு மேலயும் தப்பு இருக்கு. இருக்குல்ல? "அந்த பேங்க் இல்லம்மா"ன்னு ஆரம்பிச்சா முழுசாச் சொல்லி முடிக்கணும். நான் குறுக்க பேசுனா? பேசட்டும், அவரு கத்திச் சொல்லணும்! மேசையத் தட்டிச் சொல்லணும்! "ஏ புள்ள, பைக்கு ஆசப்பட்டு வெரல் வெச்சியே, அந்தக் கணக்குல போயிப் பாரு"ன்னு சொல்ல வேண்டியதுதான? அவருக்கு எப்பிடித் தெரியுமா... அதுவும் சரிதான். அவருக்கு எப்பிடித் தெரியும்.

ஸாரியா? அய்யோ, அதெல்லாம் எனக்கு வாயில வராதுக்கா. சின்னதுலருந்தே வராது. அம்மாக்கிட்டக் கேட்டுப் பாருங்க. "நீங்க சொன்னது முக்கால்வாசி சரி சார்"னு வேணா சொல்றேன். அந்த இருவது ரூவாயத் திருப்பிக் குடுத்துருவேன். அப்பறம்... நாளைக்குக் கிளாஸ் கதவத் தொறந்து வெக்கிறேன். ஃபுல்லா. ஒரு செங்கல்ல முட்டுக் குடுத்து வெச்சிர்றேன், சாத்தாத மாதிரி. காத்து ஆபீஸ் ரூம் வரைக்கும் போகட்டும்.

அறுபத்திநாலு கூப்புடுறாங்களா? ஆமா, என்னையத்தான். ஏய், கத்தாதீங்கண்ணே, காது கேக்குது! வர்றாங்க!

நீங்க போங்கக்கா. ஆமா, நீங்கதான். இந்தாங்க என் டோக்கன். நூத்தி முப்பத்தொண்ணுன்னா மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பறந்தான் கூப்புடுவாங்க, நீங்க அதுவரைக்கும் இந்தத் தூணச் சுத்தி சுத்தி நகந்துக்கிட்டே இருக்கணும். நான் அந்தக் கிளி பேங்க்குக்குப் போகணும், மூணரைக்கு மூடிருவான். வெள்ளிக்கெழம வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே அம்மா கையில குடுத்துர்றேன். உள்ள போனதும் "தயவு"ன்னு ஆரம்பிக்காதீங்க. "லைட்டு எரியல, எப்ப எரியும்"னு கேளுங்க. தேதி சொல்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க.

கவரக் குடுங்க, அது வேணும். செவப்புக் கோடு போட்ட தாளும் வேணும், ஸ்டேப்ளர் பின்ன உருவிக்கிறேன். உள்ளயும் கூட்டமாத்தான் இருக்கும், வேர்க்கும். விசிறிக்க இந்தப் பெட்டிஷன வெச்சுக்கங்க. நாலு பக்கம், நல்லாக் காத்து வரும்.

அக்கா! படிக்காதீங்க. விசிறுங்க, போதும்.